மணிக்கட்டுப் பரீட்சை

"ஒங்க வூட்டுக்காரரு செஞ்ச பலகை கடிக்குதாம்மா" என்று என் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்ட சபாபதி சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். நாய் கடிக்கும், புதுச் செருப்பு கடிக்கும், பலகை எங்காவது கடிக்குமா?

அவர் சிரிக்கவில்லை. சிதம்பரத்தில் சீர்காழி ரோட்டில் அவர் புதிதாகக் கட்டியிருந்த கல்யாண மண்டபத்தில், மணமகள் அறையின் நான்கு சுவருக்கும் நாங்கள் செய்த அலங்காரப் பேனல்களைப் பதித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அங்கே ஒயரிங் செய்த சிங்காரம் என்பவனுக்குக் கையும் முதுகும் தடித்துக் கொப்பளித்துவிட்டதாம். பேனலில் சாய்ந்து வேலை செய்ததால்தான் என்கிறானாம்.

"வியாழக்கெழம சாயங்காலம் எம்பொண்ணு சத்யப்பிரியா அந்த ரூம்லதாம்மா அலங்காரத்துக்கு ஒக்காரப் போவுது. மண்டபத்துல மொத கல்யாணமே எங்க வூட்டுக் கல்யாணம். வந்து பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

என் வீட்டுக்காரர் கதிர்வேலுக்கு மூளை ஜாஸ்தி, நிதானம் கம்மி. கடலூரில் வீடுகளுக்குச் சீலிங், சுவர் அலங்காரம் எல்லாம் செய்துகொண்டிருந்தவர். மரத்தில் செய்தால் கரையான் அரிக்கிறது, பிளாஸ்டர் மாவில் செய்தால் உப்புக்காற்றில் உதிர்கிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தவர், 2004-இல் ஒருநாள் ஒரு மூட்டை கரும்புச் சக்கையோடு வீட்டுக்கு வந்தார். சக்கையை அரைத்து, முந்திரித் தோலில் எடுக்கிற எண்ணெயில் மருந்து சேர்த்துப் பசையாக்கி, இரண்டையும் பிசைந்து, பூவேலை செய்த இரும்பு அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தினால் தேக்கைத் தோற்கடிக்கிற பேனல் வரும் என்றார். வந்தது, ஆறு வருஷம் கழித்து. அதுவரை வந்ததெல்லாம் வளைந்தது, வெடித்தது, நாறியது. கூத்தப்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டைச் சுற்றி இருக்கும் வேலி முழுக்க அந்த உருப்படாத பலகைகள்தான்.

ஐந்தாவது வருஷம் ஒரு தடவை அத்தனையும் வெடித்துப்போனபோது, ஷெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. நான் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தேன். உத்தரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மடியில் கயிறு இருந்தது. கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து கிணற்றில் போட்டேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்கு அடுத்த வருஷம் பேனல் வந்துவிட்டது. கருங்காலி நிறம். தண்ணீர் இறங்காது, கரையான் கிட்டே வராது. ஒவ்வொரு பேனலிலும் விரிந்த ஒரு தாமரை. அந்த அச்சை அவரே நான்கு மாதம் உட்கார்ந்து அரத்தால் ராவினார். முதலில் ஒரு டெய்லர் கடைக்கு, அப்புறம் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நகைக்கடைக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் போய், 2011-இல் சபாபதியின் மண்டபம் வந்தது. இது நன்றாக அமைந்தால் ஊரெல்லாம் கேட்கும் என்று மனிதர் தூங்காமல் கிடந்தார்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முந்திரித் தோல் எண்ணெய் பச்சையாக உடம்பில் பட்டால் வெந்துவிடும். உடனே தெரியாது, இரண்டு நாள் கழித்துக் கொப்பளிக்கும். சூட்டில் முழுசாக வெந்த பேனல் ஒன்றும் செய்யாது, அரைவேக்காடாக இருந்தால் அதுவும் எண்ணெய்தான். வெந்ததா வேகவில்லையா என்று பார்க்க எங்களிடம் மெஷினா இருந்தது? என் மணிக்கட்டுதான் இருந்தது. ஒவ்வொரு தவணை பேனல் இறங்கியதும் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் பத்து நிமிஷம் அழுத்திக் கட்டிக்கொள்வேன். இரண்டு நாள் பார்ப்பேன். சிவக்கவில்லை என்றால் பாஸ். எட்டு வயதிலிருந்து முந்திரி உடைத்த கை, இந்தக் கைக்குத் தெரியாத முந்திரியா என்று எனக்கே ஒரு திமிர் உண்டு. "ஜான்சி கை வெச்சா ஐ.எஸ்.ஐ. முத்திர மாதிரி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வார். அந்த வருஷம் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று சொல்ல முடியாமல் இருந்தது. பாதி அழுத்தத்தில் அச்சு ஆறிப்போகும், கரண்ட் வந்ததும் மறுபடி சூடேற்றுவோம். அப்படி இறங்கிய பேனலையும் என் மணிக்கட்டில் கட்டிப் பார்த்துத்தான் சிதம்பரத்துக்கு அனுப்பினேன். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"நீ போய்ட்டு வா. நான் போனா அந்த எலக்ட்ரீசியன அடிச்சிடுவேன்" என்று என்னை அனுப்பினார். செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போனேன்.

சிங்காரம் சின்ன வயசுப் பையன்தான், கல்யாணம்கூட ஆகவில்லை. சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினான். நீர் கோத்து, ஓரம் கறுத்து, வரி வரியாக இருந்தது. என் அம்மா சின்னம்மாள் முந்திரி உடைக்கப் புதிதாக வரும் பெண்களுக்கு விளக்கெண்ணெயும் சாம்பலும் குழைத்துத் தடவிவிடுவாள், அந்தப் பெண்களின் கையில் பார்த்த அதே புண்.

"முந்திரி எங்கியாவது தொட்டியா தம்பி?" என்று கேட்டேன்.

"முந்திரின்னா பாயசத்துல வர்றதுதாங்கா எனக்குத் தெரியும்" என்றான். அப்புறம் சாதாரணமாகக் கேட்டான். "ஆமா, நீங்க தெனம் இதத் தொடறீங்களே, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியா?"

என் கையைத் திருப்பிப் பார்த்தேன். போன மாதம் டின்னைச் சாய்க்கும்போது பச்சை எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. பழைய துணியால் துடைத்துவிட்டு உலை வைக்கப் போனேன். ஒன்றும் ஆகவில்லை. பச்சை எண்ணெயே என்னை ஒன்றும் செய்யவில்லை என்றால், அரைவேக்காட்டுப் பேனல் என்ன செய்யும்? முந்திரி உடைக்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் கொப்பளிக்கும், போகப்போக உடம்பு பழகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். தெரிந்தே, இரண்டு வருஷமாகச் செத்துப்போன தோலை வைத்துக்கொண்டு பாஸ் போட்டிருக்கிறேன். இவ்வளவு நாள் தப்பித்தது கரண்ட் ஒழுங்காக இருந்த புண்ணியம், என் கை புண்ணியம் இல்லை.

பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று விசாரித்தார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை.

"அவன் தின்னரத் தொட்டிருப்பான். எவனோ நம்ம மேல பொறாம புடிச்சவன் சொல்லிக் குடுத்திருப்பான்."

"அது முந்திரிப் புண்ணு மாமா. எனக்குத் தெரியாதா?"

"இத்தினி நாளா ஒன் கை பாஸ்னு சொல்லிச்சே, அது?"

"எங்கை செத்துப்போன கை. அதத்தான் சொல்றேன்."

"அப்ப வேற கையில வெச்சிக் காட்டு. கண்ணால பாத்தா நம்பறேன். சும்மா எவனோ சொன்னான்னு ஏழு வருஷத்தக் கழட்டிப் போடச் சொல்றியா? கல்யாணத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப செவுத்தப் பேத்தா, அப்பறம் எவன் என் பேனலத் தொடுவான்? இதுவும் போச்சின்னா நான் என்னாத்துக்கு ஜான்சி இருக்கணும்?"

வேறு கை எங்கே இருக்கிறது? அவருடையது ஏழு வருஷமாக அதே எண்ணெயில் ஊறிய கை. ஷெட்டில் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கைகள். பக்கத்து வீட்டில் போய், உங்கள் கையைக் கொஞ்சம் கொடுங்கள், வேகிறதா என்று பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றா கேட்பது?

சிந்துஜா தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. அவள் பிறந்த அன்றைக்கே மாதாவிடம் சொல்லிவிட்டேன், இந்தக் கையில் முந்திரித் தோல் படாது என்று. ஷெட் வாசலை மிதித்தால்கூட முதுகில் இரண்டு வைப்பேன். நானும் அவரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம். அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

"வேணாம்" என்றார். எழுந்து ஷெட்டுக்குள் போனார். உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கிணற்றில் போட்ட அந்தக் கயிறுதான் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் யாரோ பெற்ற பெண் சத்யப்பிரியா, நடுவில் என் பெண். யாராவது என்னைக் கேட்டால் நிரூபிப்பதற்காகச் செய்தேன் என்றுதான் சொல்வேன். அது பொய். சிங்காரம் சொன்னது தப்பாக இருக்கும், இவள் கையில் ஒன்றும் வராது, பேனல் தப்பித்துவிடும், அவர் தாழைத் திறந்து வெளியே வருவார் என்ற நப்பாசையில்தான் செய்தேன். மண்டபத்துக்குப் போன அதே தவணையில் மிச்சம் கிடந்த ஒரு துண்டை எடுத்துவந்து, சிந்துஜாவின் வலது புஜத்தின் உள்பக்கத்தில், சட்டைக் கை மறைக்கும் இடத்தில், துணி சுற்றிக் கட்டினேன்.

"என்னாம்மா இது?"

"அப்பா பேனலுக்குப் பரீட்ச. ரெண்டு நாள்ல அரிக்கலன்னா அப்பா பாஸ்."

"அரிச்சா? அப்பா பெயிலா?"

பத்து நிமிஷம் கழித்து அவிழ்த்தேன். ஷெட் கதவைத் தட்டி, "மாமா, பாப்பா கையில வெச்சாச்சி. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க. தொறங்க" என்றேன். வெகு நேரம் கழித்துத் திறந்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்துவிட்டு வந்தார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. அவள் மட்டும் இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றாள்.

புதன்கிழமை காலை சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சாயங்காலமும் ஒன்றுமில்லை. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. வியாழக்கிழமை காலை நான் எழுப்புவதற்கு முன்பே சிந்துஜா தானே குளித்து, தானே யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து இல்லாத அதிசயம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"அரிக்குதா பாப்பா?"

"இல்லம்மா."

"காட்டு."

காட்டினாள். வழவழவென்று இருந்தது. அவள் காட்டியது இடது கை. எதிரே நின்றதால் பக்கம் மாறிப்போனது என்று இப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். எந்தக் கையில் கட்டினேன் என்று ஒரு தாய்க்குத் தெரியாதா? நான் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதைப் பார்த்தேன். "மாமா, பாஸ்!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து அவளைத் தூக்கிச் சுற்றினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் உடனே சபாபதிக்குப் போன் போட்டு, "ஐயா, ஒரு கொறையும் இல்லிங்க. எம்பொண்ணு கையிலியே வெச்சிப் பாத்துட்டேன்" என்றார். இஸ்திரி போட்ட சட்டையும் வேட்டியுமாகக் கல்யாண வேலைகளுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன் என்று சிதம்பரத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. போனேன். சிந்துஜா டீச்சர் மேஜைமேல் தலை வைத்துப் படுத்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது.

"காலையிலேர்ந்து வலது கையால எழுதலம்மா. என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. தொட விட மாட்டேங்குது" என்றார் டீச்சர்.

நான் சட்டைக் கையைத் தூக்கினேன். அவள் தடுத்தாள். இழுத்துப் பிடித்துத் தூக்கினேன். புஜம் இரண்டு மடங்கு வீங்கியிருந்தது. நடுவில் கொப்புளங்கள் தாமரை இதழாக எழும்பி நின்றன. அச்சு அவ்வளவு துல்லியம், இதழின் நடு நரம்புகூட விழுந்திருந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏண்டி சொல்லல? ஏண்டி சொல்லல?" என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அந்த வலியோடும் நான் அவளை உலுக்கினேன், அதை நினைத்தால் இப்போதும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

அவருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சபாபதியின் நம்பர் அவர் போனில்தான் இருக்கிறது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன், ஊசி போட்டு மருந்து தடவிவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தழும்பு நிற்கலாம் என்றார். எங்கே பட்டது என்று கேட்டார், வீட்டில் என்றேன். மறுபடி போன் அடித்தேன். எடுக்கவில்லை. அலங்காரம் நான்கு மணிக்கு என்று சபாபதி சொல்லியிருந்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டரை மணி சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் டிரைவரைத் திட்டினேன். ஆலப்பாக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது, கேட்டையும் திட்டினேன். சிந்துஜா என் மடியில் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதம்மா, சரியாப் போயிடும்மா" என்று முனகிக்கொண்டே வந்தாள்.

மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். போன் கேட்காததில் ஆச்சரியமில்லை. யாரையும் கேட்காமல் நேரே மணமகள் அறைக்குள் போனேன். சத்யப்பிரியா ஜரிகைப் புடவையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பின்னல் போட வந்த பெண்மணி முன்னால் நின்று நெற்றிச்சுட்டி கட்டிக்கொண்டிருந்ததால், பெண் தலையையும் முதுகையும் பின்னால் சுவரில் சாய்த்திருந்தாள். ரவிக்கை முதுகு இறக்கமாக வெட்டியது.

"எழுந்திரும்மா! செவுத்துல சாயாத, எழுந்திரு!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். நெற்றிச்சுட்டி அறுந்து விழுந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள். அபசகுனம் என்று யாரோ அழுதார்கள். சபாபதி ஓடிவந்தார். பின்னாலேயே என் வீட்டுக்காரரும் வந்தார். அவர் கழுத்தில் புதிதாக ஒரு சால்வை இருந்தது. பேனல் செய்தவர் என்று சபாபதி சம்பந்தி வீட்டுக்கு முன்னால் போர்த்தியிருக்கிறார்.

"ஜான்சி, ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்று கத்தினார்.

சிந்துஜாவை முன்னால் நிறுத்திச் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அவர் ராவிய இதழ், அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெளியே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

எழுந்தார். "அம்மா, வெளிய வந்துடும்மா" என்று சத்யப்பிரியாவிடம் சொன்னார். "பொடவய மாத்திக்க. முதுவுக்கு நல்லா சோப்பு போட்டுக் கழுவு, ரெண்டு தரம் கழுவு. நீங்களும் கழுவுங்க, எல்லாரும் வெளிய வாங்க." சபாபதி பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "பேனல் வேவலிங்க. தப்பு என்னுது. இந்த ரூம பூட்டிடுங்க ஐயா. விடியறதுக்குள்ள நானே அத்தனையும் பேத்து எடுத்துட்டுப் போயிடறேன்." சபாபதி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் மகளைத் தோளில் அணைத்துக்கொண்டு வெளியே அழைத்துப் போனார்.

அறை காலியாகிவிட்டது. அவர் சால்வையைக் கழற்றி ஸ்டூலில் போட்டார். அதற்குள் சிந்துஜா அழ ஆரம்பித்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அழவில்லை, ஊசி போட்டபோது அழவில்லை, பஸ்ஸில் அழவில்லை. இப்போது ஏங்கி ஏங்கி அழுதாள். அவர் அவளிடம் போனார். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"நான் சொல்லலப்பா" என்றாள். "சத்தியமா நான் சொல்லவே இல்லப்பா. டீச்சர்தான் கண்டுபுடிச்சிட்டாங்க. கொஞ்சங்கூட அரிக்கலப்பா."

சொல்லிக்கொண்டே, இடது கையால் சட்டைக் கையைக் கீழே இழுத்து இழுத்து அந்த இதழை மூடப் பார்த்தாள்.